துண்டு போடாமல் கேட்ட பேர்

எந்தக் கடையிலும் சொன்ன விலைக்குப் பொருள் வாங்கியவள் இல்லை நான். வேலூர் லாங் பஜாரில் குக்கருக்கு ஒரு ரப்பர் வளையம் வாங்க வேண்டுமென்றாலும் நாலு கடை ஏறி இறங்குவேன். பிடித்ததைக் கீழே வைத்துவிட்டு, வேண்டாவெறுப்பாக முகத்தை வைத்துக்கொண்டு பத்தடி நடப்பேன். பின்னாலிருந்து "வாம்மா, வந்து எடுத்துக்க" என்று குரல் வரும். (ஒரே ஒரு தடவை வரல. நானே திரும்பிப் போய் "கூப்டீங்களா?"ன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்.) இந்தத் திறமையை நம்பி இன்டர்நெட்டில் கடை ஏறினதுதான் என் கெட்ட நேரம்.

ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் எட்டு வருஷம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். தையல் அரை மில்லிமீட்டர் தள்ளிப்போயிருக்கிறது என்று வெளிநாட்டுக்காரன் மெயில் போடுவான். அழகான இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்பது என் வேலை. ஒருநாள், இனி என் தையலுக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், சொந்தமாக பெல்ட் செய்து விற்கப்போகிறேன் என்று ராஜினாமா கொடுத்தேன். மேனேஜர் கடிதத்தை மடித்துவைத்துவிட்டு, "ஒரு மாசம் உன் சீட்டைக் காலியா வெக்கிறேன்மா. எப்படியும் திரும்பி வருவ" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. என்ன ஆனாலும் அந்த நாற்காலியில் திரும்ப உட்காருவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

முதலில் பேர் வேண்டுமே. என் மகள் பேரில் பாதியையும் மாமனார் பிறந்த ஊர்ப் பேரில் பாதியையும் ஒட்டினேன். கேட்டால் ஏதோ இத்தாலிக் கம்பெனி மாதிரி இருந்தது. (அந்தப் பேர் என்னன்னு இங்க சொல்ல மாட்டேன். நீங்க போய்த் தேடுவீங்க.)

இணையதளப் பேர்களை விற்கும் ஒரு கம்பெனியின் பக்கத்தில் போய், தேடும் பெட்டியில் தட்டினேன். பச்சை டிக் ஒன்று வந்து, ‘வாழ்த்துகள், இந்தப் பெயர் கிடைக்கும்’ என்றது. விலையும் போட்டிருந்தது. முதல் விலை. நான் பேரைக் கூடையில் போட்டேன், லேப்டாப்பை மூடினேன், பத்தடி நடந்தேன்.

மறுநாள் காலை மெயில் வந்தது: ‘கூடையில் எதையோ மறந்துவிட்டீர்கள்.’ என் வீட்டுக்காரர் டில்லிபாபுவிடம் காட்டினேன்.

"பாத்தீங்களா? கூப்பிடுறான்."

"சரி, வாங்கிடேன்."

"இருங்க, இன்னும் இறங்கி வருவான்."

மூன்றாம் நாள் விலையைக் குறைத்து இன்னொரு மெயில். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்னும் ரெண்டு நாள் போகட்டும் என்று விட்டுவிட்டேன். பேர்தான் கிடைக்கும் என்று வாழ்த்தே சொல்லிவிட்டார்களே என்று, அதற்குள் பித்தளையில் அச்சு செய்யக் கொடுத்து, டாட் காம் வரைக்கும் சேர்த்து, நூற்றிருபது பெல்ட்டிலும் அந்தப் பேரை அழுத்தியும் விட்டேன். அடுத்த வாரம் வேலூர் கண்காட்சியில் எனக்கு ஸ்டால்.

ஐந்தாம் நாள் மெயில் வரவில்லை. நானே திரும்பிப் போனேன். பச்சை டிக் இருந்த இடத்தில், ‘மன்னிக்கவும், இந்தப் பெயரை ஏற்கெனவே ஒருவர் எடுத்துவிட்டார்’ என்று இருந்தது. அந்த முகவரியைத் திறந்து பார்த்தால் ஒரே ஒரு பக்கம்: இந்தப் பெயர் விற்பனைக்கு. கேட்டிருந்த விலைக்கு நல்ல செகண்ட்ஹேண்ட் கார் வாங்கலாம்.

கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். எடுத்த பெண் தேனாகப் பேசினாள்.

"தேடுறது வேற, வாங்குறது வேற மேடம். வேற யாருக்காவது இதே ஐடியா வந்திருக்கலாம்."

"என் பொண்ணு பேரையும் என் மாமனார் ஊரையும் ஒட்டணும்னு உலகத்துல வேற எவனுக்கும்மா ஐடியா வரும்?"

"வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

போனை வைத்துவிட்டேன். எடுத்தது அவர்களா, வேறு எவனாவதா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் நான் அந்தப் பேரைத் தட்டியது அந்த ஒரு பெட்டியில்தான். எனக்கு இருக்கும் சந்தேகத்தை எந்தத் தேனும் கரைக்காது.

என் மாமனார் நாற்பது வருஷம் தோல் மண்டியில் புரோக்கர். அங்கே விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். வாங்குபவரும் விற்பவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து அழுத்தியே பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேருக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றார்.

"பேர் போச்சு மாமா."

"யாராண்ட கேட்ட?"

"விக்கிறவன்கிட்டயேதான்."

"வேணும்னு காட்டிக்கினியா?"

"கூடையில போட்டு வெச்சேன்."

"எத்தினி நாளு?"

"அஞ்சு."

மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் விரித்தார். "துண்டு போடாமயா கேட்ட?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. போன பேருக்காக அழவில்லை. அந்தக் காலி நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

ஒரு டம்ளர் டீ குடித்து முடிப்பதற்குள் அழுகை போய் ஆத்திரம் வந்தது. திருடனைப் பிடிக்கப் பொறி வைத்தேன். அதே பெட்டியில் ‘மாமனார் மீசை பெல்ட்’ என்று தட்டிவிட்டு, மூன்று நாள் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். எவனும் தொடவில்லை.

"அதை எவன் வாங்குவான்?" என்றார் டில்லிபாபு.

"அதான் சொல்றேன், தரம் பாத்துத்தான் திருடுறான்."

கண்காட்சிக்கு இரண்டு நாள் இருந்தது. இன்னொரு பேரை யோசித்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்த முறை தேடின கையோடு வாங்கிவிடுவது என்று கார்டோடு உட்கார்ந்தேன். வேறு கம்பெனி. தட்டப்போகும்போது மாமா "இரு" என்றார். துண்டை உதறி லேப்டாப்பின் மேலும் என் தலையின் மேலும் சேர்த்துப் போட்டார். ஆவி பிடிப்பது மாதிரி உள்ளே குனிந்து தட்டினேன். பச்சை டிக் வந்தது.

வெளியிலிருந்து டில்லிபாபு, "ஓடிபி வந்துடுச்சு, நாலு…" என்று ஆரம்பித்தார்.

"கத்தாதடா" என்றார் மாமா. போனை வாங்கிப் பார்த்து, துண்டுக்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தார். நாலு விரலை அழுத்தினார். அப்புறம் ரெண்டு. அப்புறம் கை அப்படியே நின்றுவிட்டது.

"இன்னா மாமா?"

"சைபர் வருது. மண்டியில சைபருக்கு ஏதும்மா விரலு?"

அவர் யோசித்து முடிப்பதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. அடுத்ததில் நல்லவேளையாக சைபர் இல்லை. ஆறு எண்ணையும் அழுத்தியே சொல்லி முடித்தார். பேர் என்னுடையதானது. துண்டுக்குள்ளேயே இன்னொரு தடவை அழுதேன். இந்த அழுகை நன்றாக இருந்தது.

மிச்சம் இருந்தது நூற்றிருபது பெல்ட். பழைய பேரின் மேல் ஒரு சின்னத் தோல் பட்டையை வைத்து ரிவெட் அடித்து மூடினோம். ரெண்டு நாள் வீட்டில் சமையல் இல்லை, சுத்தியல் சத்தம்தான். கண்காட்சியில் ஒரு அம்மா அந்தப் பட்டையை நகத்தால் நெம்பிப் பார்த்து, "இதுக்குள்ள இன்னா வெச்சிருக்க?" என்றார்.

"கம்பெனி ரகசியம்மா" என்றேன். அவர் ரெண்டாக வாங்கிப் போனார். இன்றைக்கும் எங்கள் பெல்ட்டில் அந்தப் பட்டை உண்டு. அடியில் ஒன்றும் கிடையாது. அந்த மாதக் கடைசியில் மேனேஜர் போன் செய்தபோது, "வேற ஆள் போட்டுக்குங்க சார்" என்றேன். அதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை என்பதில் எனக்கு இன்னும் பெருமை.

பட்டை அடிக்காத ஒரே பெல்ட்டை மாமா வேட்டி மேல் கட்டிக்கொள்கிறார். பழைய பேர் விலை குறைந்திருக்கிறதா என்று நான் போய்ப் பார்ப்பதே இல்லை. பார்த்தால் வேணும் என்று தெரிந்துவிடும்.

போன வருஷம் என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வந்து, "என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்டார். நாத்தனார் வாயைத் திறப்பதற்குள் மாமா தோளிலிருந்து துண்டை உருவினார். "அதோ அந்தம்மா இருக்கிறப்ப சொல்லாத" என்று என்னைக் காட்டிவிட்டு, துண்டை மகள் கை மேல் போட்டார். அறையே சிரித்தது, நர்ஸுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அந்தக் குழந்தையின் பேரை என்னிடம் யாரும் சொல்லவில்லை.