ரப்பர் கன்றுகளுக்கு நடுவே இருபது வீடு

இல்லாத வாசலில் தலை இடித்துவிடும் என்று குனிந்து நுழைந்த மனிதர் இந்த ஜொகூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். அவர் எங்கள் வாசப்படியார். சொந்தப் பெயரைக் கேட்காதீர்கள். ஆள் எண்ணும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும் கங்காணியே அவரை "வாசப்படி" என்றுதான் கூப்பிடுவார்.

கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டம். ஆற்றோரமாக எங்கள் பழைய லயம். ஒரே வரிசையாக இருபது வீடு, அத்தாப்பு ஓலைக் கூரை. நான் பிறந்தது, தவழ்ந்தது, தலையில் குட்டு வாங்கியது எல்லாம் அங்கேதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில் துரை எங்களை மேட்டிலிருந்த புது லயத்துக்கு ஏற்றிவிட்டு, பழையதைப் பிரித்துத் தள்ளி, ரப்பர் கன்று நட்டுவிட்டார். நாலு நாள் புலம்பினோம், மறந்துவிட்டோம். வாசப்படியார் மட்டும் மறக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அங்கே களைவெட்டப் போனோம். ஆளுக்கொரு நிரை பிடித்து நாங்கள் நேராக வெட்டிக்கொண்டு போக, இவர் மட்டும் வளைந்தார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"யாருக்குய்யா கும்புடு போடுற?" என்றார் கங்காணி.

"கும்புடு இல்லீங்க. நம்ம மாரியாயி வீட்டு நெலை தாழ்வு. தலையில இடிக்கும்."

"வீடே இல்லையேய்யா!"

"ஒங்களுக்கு இல்ல."

அதோடு விட்டாரா? 'வீட்டுக்குள்' போனால் செருப்பைக் கழற்றிவிடுவார். அந்த நிலம் முழுக்கத் தொட்டாச்சிணுங்கி. முள் குத்தக் குத்த "ஆத்தாடி, அம்மாடி" என்று கத்துவாரே தவிர, செருப்பைத் தொடமாட்டார். ஒருநாள் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "டேய், சுவத்துக்குள்ள பூந்து போறியே, நீ என்ன பேயா? சுத்தி வாடா!" பதினெட்டு வயது முரடன் நான், ஆனாலும் சுற்றித்தான் வந்தேன்.

இந்த லட்சணத்தில் வெட்டினால் ஒரு நாளைக்கு அரை நிரைகூடத் தேறாது. சின்ன துரை பார்வையிட வந்தார். வாசப்படியார் இரண்டு கையையும் விரித்து மறித்தார். "தொர, அடுப்படியில செருப்போட நிக்காதீங்க!"

கூட வந்த கணக்குப்பிள்ளை கிராணிக்கு வியர்த்துவிட்டது. "முள் இருக்கிறதாம், பார்த்து வரச் சொல்கிறான்" என்று இங்கிலீஷில் சமாளித்தார். ஆனால் வெட்டாத களையை எந்த இங்கிலீஷில் மறைப்பது? சனிக்கிழமைக்குள் அந்த இடம் சுத்தமாகாவிட்டால் வாசப்படியின் பெயரை வெட்டிவிடச் சொன்னார் துரை. பெயரை வெட்டினால் தோட்டத்தை விட்டே போகவேண்டியதுதான். அவருக்கோ ஊரிலும் நாதியில்லை.

சாயங்காலம் எல்லோரும் போய்க் கெஞ்சினோம். "நேரா வெட்டுங்கண்ணே, தொரத்திடுவாங்க."

"தொரத்தட்டும். சுவத்த இடிச்சிக்கிட்டுப் போகமாட்டேன்."

"அலமாக்! இந்த மனுசனோட மல்லுக்கட்ட முடியாது" என்றாள் மாரியாயி. "சரி, எங்க வீட்ட நானே வெட்டிக்கிறேன். எங்க இருக்கு, காட்டுங்க."

மறுநாள் நிரைக்கணக்கு போய் வீட்டுக்கணக்கு வந்தது. அவர் முன்னால் நடந்து இடம் காட்ட, அவரவர் வீட்டை அவரவர் வெட்டினோம். துரையின் நிலமென்றால் ஓரத்தில் நாலு புல்லை விடுவோம். சொந்த வீட்டில் விடுவோமா? மாரியாயி வேரைக்கூடக் கையால் பிடுங்கினாள். "ஒன் குப்பைய ஏன்டி என் வாசல்ல தள்ளுற?" என்று பக்கத்துவீட்டுக்காரியோடு சண்டை வேறு. இடித்து ஒரு வருஷமான சுவருக்கு ரெண்டு பக்கமும் நின்று தலைமுடியைப் பிடிக்காத குறை!

சனிக்கிழமை வந்த துரை, தோட்டத்திலேயே சுத்தமான இடம் அதுதான் என்று கங்காணியின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். எப்படி வெட்டினோம் என்று கங்காணி மூச்சுவிடவில்லை. வாசப்படியாரின் பெயர் தப்பியது.

மதியம் அவரிடம் கேட்டேன். "எல்லார் வீட்டையும் காட்டினீங்க. ஒங்க வீடு எதுண்ணே?"

"எனக்கேதுடா வீடு? தனியாளுங்கள ஸ்டோர் கொட்டாயிலதான போட்டிருந்தாங்க. சோறு மட்டும் நாளுக்கொரு வீட்டுல. இருபது வீட்டுலயும் 'உள்ள வாங்கண்ணே, சாப்பிடுங்க'ன்னாங்க. புது லயத்துல எனக்கும் ஒரு ரூம் குடுத்துட்டாங்கல்ல, அதுக்கப்புறம் யாரும் கூப்புடல."

சோற்றுத் தூக்கைத் திறந்து, "இன்னைக்கு எங்க வீட்டுல சாப்பிடுங்கண்ணே" என்றேன். அதைச் சொல்ல ஒரு வருஷம் எடுத்துக்கொண்டதற்கு இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.