லைசென்ஸுக்கு முன்னால் ஒரு போணி

பஃபலோ ரோட்டுச் சந்து,
சிங்கப்பூர்.
12.9.1958

கிள்ளானில் சகல சௌகரியங்களுடன் வாழ்ந்துவரும் மைத்துனர் துரைசாமி அவர்களுக்கு, தங்கள் தங்கை சிவகாமசுந்தரியின் கணவன் மருதப்பன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் பிள்ளைகளும் ஏதோ இருக்கிறோம். தங்கள் தங்கை மிக மிக நலம். பிரச்சினையே அதுதான்.

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கி என் இடுப்பு போனதும், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டதும் தாங்கள் அறிந்ததே. வீட்டு முன்னறையில் சோப்பு, தீப்பெட்டி, வெற்றிலை, முறுக்கு என்று சின்னதாக ஒரு கடை போடலாம் என்ற யோசனை என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் முறைப்படி லைசென்ஸ் எடுத்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்பதும் என் யோசனைதான். மனுப் போட்டேன். பதிலுக்கு நிபந்தனைகள் வந்தன. சாமான் தரையில் படக்கூடாது, எலி வளை இருக்கக்கூடாது, விற்கிற அறையில் யாரும் படுக்கக்கூடாது. அங்கே படுக்கிறவன் நான் ஒருவன்தான். எலிக்கும் எனக்கும் ஒரே நாளில் வெளியேற்றம். இப்போது அடுப்படியில், அம்மிக்கும் அரிசிப் பானைக்கும் நடுவில் படுக்கிறேன். இடுப்புக்கு நல்லது என்கிறாள் தங்கள் தங்கை.

கடைசி நிபந்தனை, லைசென்ஸ் கைக்கு வரும்வரை ஒரு தீப்பெட்டிகூட விற்கக்கூடாது. இதை மூன்று தரம் படித்துக் காட்டினேன். மூன்று தரமும் தலையை ஆட்டினாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் லைசென்ஸ் அதிகாரி வந்தார். கண்ணாடி போட்ட சீனப் பையன், நல்ல மலாய் பேசுகிறார். அலமாரியைப் பார்த்தார், எலி வளைக்குப் பூசிய சிமெண்டைத் தட்டிப் பார்த்தார், எல்லாம் சரி, கையெழுத்துப் போட்டுடறேன்னு பேனாவைத் திறந்துக்கிட்டே வாசல் வெளிச்சத்துக்குத் திரும்பினார். அவ்வளவுதான் மச்சான், உங்க தங்கச்சி குறுக்கே வந்து நின்னுட்டா.

"கடைக்குள்ள மொதமொதல்ல கால் வச்ச ஆளு வெறுங்கையோட போனா இந்தக் கடை வெளங்குமா? ஒரு சோப்பாவது வாங்கி போணி பண்ணிட்டுப் போங்க துவான்!"

"லைசென்ஸ் இல்லாம விக்கிறது குத்தம் லா, அம்மா."

"விக்கிறேன்னு யாரு சொன்னா? இது போணி!"

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவள் வாசலை விட்டு நகரவில்லை. கடைசியில் பாவம், சில்லறையைக் கொடுத்து ஒரு சோப்பை வாங்கினார். இவள் காசைக் கண்ணில் ஒற்றிப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தாள். அதோடு போயிருந்தாலும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர் சாதுவாக, "ரசீது வேணும்" என்றார். என் கையெழுத்து முத்து முத்தா இருக்கும்னு உங்களுக்கே தெரியும். யோசிக்கவே இல்லை மச்சான். தேதி போட்டு, 'சோப்பு ஒன்று விற்றது'ன்னு எழுதி, கீழே முழுப் பேரோட கையெழுத்தும் போட்டு நீட்டிட்டேன். அதை மடிச்சு ஃபைல்ல வச்சார், பேனாவை மூடினார், போயிட்டார்.

அன்னிக்கிலேர்ந்து எனக்குச் சோறு இறங்கலை. லைசென்ஸ் வரலைன்னா இந்த இடுப்பை வச்சிக்கிட்டு நான் யார்கிட்டப் போய் வேலை கேப்பேன்? நெஜமாவே பயமா இருக்கு. அவளோ, "ராசியான கை, பாத்துக்கிட்டே இருங்க"ன்னு அலமாரியைத் துடைச்சிக்கிட்டு இருக்கா. ஆகவே தாங்கள் இக்கடிதத்தைத் தந்தியாகப் பாவித்து உடனே ரயிலேறி வந்து, தங்கையைக் கண்டித்து, சிறிது காலம் கிள்ளானுக்கு அழைத்துப் போகும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் வீட்டு அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீடூழி வாழ ஆசிகள்.

இங்ஙனம்,
தங்களையே நம்பியிருக்கும்
மருதப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தபால்காரர் வந்தார். லைசென்ஸ் கிடைத்துவிட்டது. உரிமையாளர் பெயர்: சிவகாமசுந்தரி. வியாபாரம் தெரிந்தவர் மனைவிதான் என்பதை நேரில் கண்டதாக அதிகாரி எழுதியிருக்கிறார். கூடவே இன்னொரு தாள். லைசென்ஸ் இல்லாமல் சோப்பு விற்றதற்கு அபராதம், நேரில் வந்து கட்ட வேண்டும். பெயர்: மருதப்பன். ஆகையால் மேலே உள்ளது எதையும் தாங்கள் படிக்கவில்லை. கண்டிக்க வரவும் வேண்டாம். முதலாளியைக் கண்டிக்கிற வழக்கம் எங்கள் கடையில் இல்லை. அபராதம் கட்டுவதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.