அளவெடுக்காத அக்கா

லண்டன் மாநகரத்தில் புத்தகத்துக்கு அளவெடுத்துப் பிள்ளைக்குச் சட்டை தைத்த ஒரே மனுசி எங்கள் அளவெடுக்காத அக்காதான். இன்னொருவர் இருந்தால் கொண்டுவந்து காட்டுங்கள்; என் மூன்று கடைகளில் ஒன்றை எழுதித் தருகிறேன்.

ரெய்னர்ஸ் லேனில் என் முதல் கடையின் பின்னறையில் இருந்துதான் தைத்தார். மன்னார்க்காரி. நான் அவரைவிடப் பத்து வயது மூப்பு, ஆனாலும் நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். கண் இமைக்காமல் பார்க்கிற ஆளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

இங்கே பள்ளிக்கூடங்களில் வருசத்தில் ஒருநாள் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தில் வருகிறவர்களைப்போல உடுத்துப் போகவேண்டும். அந்த நாள் நெருங்கினால் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வருவார்கள். அக்கா பிள்ளையை நிமிர்ந்தும் பார்க்கமாட்டார். புத்தகத்தை வாங்கி, நாடாவால் அதன் நீளம், அகலம், தடிப்பு எல்லாம் எடுப்பார். பிறகு காதோடு வைத்துக் கேட்பார்.

ஒருமுறை, "இருவத்திமூண்டாம் பக்கத்திலை பிள்ளை அழுதிருக்கு" என்றார். தாய் சிரித்தாள். பிள்ளை சிரிக்கவில்லை.

ஒரு கிழமையில், சரியாக ஏழாம் நாள், சட்டை வரும். தோள், கை, இடுப்பு எல்லாம் அச்சொட்டாகப் பொருந்தும்.

பிளேஸ்டோவில் இருந்து ஒரு தாய் வந்தாள். மகனுக்கு இதுதான் உயிர் என்று நல்ல பள்ளிக்கூடத்தில் இடம்பிடிக்க எழுதுகிற பதினொரு வயதுச் சோதனைக்கான பயிற்சிப் புத்தகத்தை நீட்டினாள். எங்கள் சனத்தைத் தவிர வேறு யார் இதைச் செய்வார்கள்? அக்கா மறுபேச்சில்லாமல் தைத்தார். சாம்பல் நிறச் சட்டை. தலைவழியாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. கழற்றப் போனால் வரவில்லை. பொத்தான்கள் இருந்தன, அவற்றுக்கு ஓட்டைகள் இல்லை. கடைசியில் கத்தரிக்கோலால் வெட்டித்தான் பெடியனை வெளியே எடுத்தோம். என்ன அக்கா இது என்று கேட்டேன்.

"அந்தப் புத்தகத்துக்குள்ளை போன பிள்ளை இன்னும் வெளியிலை வரேல்லை அண்ணை."

நான் சிரித்துப் பார்த்தேன். என் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு என் முறை வந்தது. எட்மண்டனில் இருக்கிற மகனின் மகள் அபிக்கு ஏழு வயது; நான் அவளுக்கு அப்பப்பா. பச்சைக் கோட் போட்ட நரி ஒன்று ரயிலேறிப் போகிற படப் புத்தகம்தான் அவளுக்கு எல்லாம். ஞாயிறு தவறாமல் நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்துக் காட்டுவேன்.

வாசித்து என்று சொன்னேனா? பதினாறு பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு, அதுவும் தமிழில். கவுன்சில் கடிதம் வந்தால் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று மகனிடம் நீட்டுகிற ஆள். படத்தைப் பார்த்து நானே கதை கட்டினேன். நரி லண்டனுக்கு வந்து உணவகத்தில் கோப்பை கழுவியது. ஒற்றைக்கண் சமையல்காரனுக்குப் பயந்து, மிஞ்சின பாண் ரொட்டித் துண்டை இடது பொக்கற்றின் கிழிசல் வழியாகக் கோட்டின் உள்துணிக்குள் ஒளித்தது. அந்த நரி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. மனைவிக்கே சொல்லாத கதை அது.

அக்கா அபியைக் கண்டதே இல்லை. புத்தகத்தை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு உடுத்துப் போகிற நாளுக்கு முதல்நாள் கோட் வந்தது. இடது பொக்கற்றுக்குள் கையை விட்டேன். அடி இல்லை. கை உள்துணிக்குள் போய், முதுகுப்பக்கம் ஏதோ தட்டையாகத் தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். துணியில் தைத்த ஒரு துண்டுப் பாண். ஓரத்தில் கடித்த அடையாளம்.

நாளைக்கு ரீச்சர் இது என்ன பாண் என்று கேட்பார். பேத்திக்கு முன்னால் என் குட்டு உடையும். கோட்டைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினேன்.

"அக்கா, இதை எடுத்துவிடுங்கோ. புத்தகத்திலை பாணே இல்லை."

அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"நீங்கள் அதை வாசிச்சனீங்களோ அண்ணை?"

அப்போதுதான் மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எல்லாப் பக்கத்திலையும் உங்கடை குரல்தான் கிடக்கு. நான் வேறை எதைத் தைக்கிறது?"

பாணோடேயே கோட்டைக் கொடுத்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வாசலில் நின்றேன். அபி கோட்டோடு வந்து காரில் ஏறினாள். பாணைப் பற்றி மிஸ் கேட்டாராம். அது மிஸ்ஸின் புத்தகத்தில் இல்லை, அப்பப்பாவின் புத்தகத்தில்தான் இருக்கிறது என்று சொன்னாளாம்.

"அப்பப்பா, ஐ நோ. நீங்க ரெண்டு பேஜ் சேத்துத் திருப்பினாலும் ஸ்டோரி ஸ்டொப் ஆகாது." பிறகு, "சண்டேயும் அதையே சொல்லுங்கோ" என்றாள்.

அடுத்த மாதம் பின்னறை காலி. அறையைப் பூட்டுகிற திறப்பு என் கல்லாவின் மேல் இருந்தது. எங்கே போனார் என்று அவர் போகிற கோயில் சனத்துக்கும் தெரியவில்லை. மெஷின் இருந்த இடத்தில் தரை இன்றைக்கும் சூடுதான். அடியில் ஹீற்றர் குழாய் ஓடுகிறது என்கிறான் மகன். குழாய் ஓடுவது மற்றச் சுவர்ப்பக்கம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நரிக்கதை நடக்கிறது. இப்போது நான் கதவைச் சாத்துவதில்லை. அக்காவுக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.