கனடாச் சம்பந்தி

“எந்த நாடு?” என்று டிரைவர் ஆங்கிலத்தில் கேட்டதும், டாரில் ஹாக்ஸ்டெட் ஒத்திகை பார்த்து வைத்திருந்தபடியே, “கனடா” என்றார்.

அவர் அசல் நெப்ராஸ்காக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். கனடாவை வரைபடத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் காலம் கெட்டுக் கிடக்கிறது, வெளிநாட்டில் போய் அமெரிக்கா என்று வாயைத் திறக்காதே என்று ஊரில் ஆளாளுக்குப் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். அதனால் கிர்கிஸ் தலைநகர் பிஷ்கெக்கில் விமானம் இறங்கும் முன்பே சட்டையில் மேப்பிள் இலை பேட்ஜ் ஒன்றைக் குத்திக்கொண்டார். இப்போது நாரின் போகிற இந்த வாடகைக் காரில் ரேடியோ வேறு மூச்சுக்கு மூச்சு ‘அமெரிக்கா’ என்று கத்திக்கொண்டிருந்தது. திட்டுகிறார்களா, வாழ்த்துகிறார்களா என்று கிர்கிஸ் தெரியாத மனிதருக்கு எப்படித் தெரியும்?

“எங்க போறீங்க?”

“நாரின் பக்கத்துல தாஷ்-புலாக். ஜோலோன்பெக் வீட்டுக் கல்யாணம். பொண்ணோட அப்பா நான்.”

டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, தொப்பியைக் கழற்றிவிட்டு அவரை இறுகக் கட்டிக்கொண்டார். பெயர் மாக்சூத். ஜோலோன்பெக்கின் தங்கை குல்சாராவின் புருஷன். எங்கள் நாட்டில் இதெல்லாம் அதிசயமே இல்லை. எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுகிறவன் யாருக்காவது மச்சானாகத்தான் இருப்பான்.

டாரில் பேட்ஜைக் கையால் மூடிக்கொண்டார். மனைவி போன பிறகு அவருக்கு இருப்பது மகள் மார்னி ஒருத்திதான். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க நாரினுக்கு வந்தவள், மாப்பிள்ளையையும் இங்கேயே பார்த்துக்கொண்டாள். பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற பெண். சம்பந்தி வீட்டில் அமெரிக்கா என்று எப்போதோ சொல்லியிருப்பாள். மகள் அமெரிக்கா, அப்பன் மட்டும் கனடா என்றால் எந்தக் குடும்பம் ஒப்புக்கொள்ளும்?

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுத்த நேரத்தில், மாக்சூத் சாலையோரத்து ஆற்றைக் காட்டினார். தண்ணீர் மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

“மேல தங்கச் சுரங்கம். கனடாக் கம்பெனி. மீனெல்லாம் செத்து மிதந்துச்சு. ஊரே எதிர்த்துப் போராடுது.”

டாரிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் இத்தனை நாடு இருக்க, போயும் போயும் இதையா பிடித்தோம்? அந்தச் சுரங்கத்துக்கும் தனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, தான் ஒண்டாரியோ பக்கம் என்றார். கம்பெனியின் தலைமை அலுவலகமே அங்கேதான் என்றார் மாக்சூத். ஐயோ, தனக்குத் தண்ணீர் சம்பந்தப்பட்ட வேலை என்றார் டாரில். ஆறு சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவனும் தண்ணீர் இன்ஜினியர்தான் என்றார் மாக்சூத். அதற்குப் பிறகு டாரில் நல்ல பிள்ளையாக மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கல்யாண வீட்டில் கூட்டம் நெரிந்தது. மாப்பிள்ளை உலான் விருந்தாளிகளை அழைத்துவரப் போயிருந்தான். முறைப்படி மணப்பெண்ணைச் சிவப்புத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். மாமனார் இருக்கிற இடத்தில் புது மருமகள் வாயைத் திறக்கக் கூடாது. ஜோலோன்பெக் தாமே எழுந்துவந்து டாரிலைத் தலைமை இடத்தில் உட்காரவைத்தார். மாக்சூத்தைப் பக்கத்தில் மொழிபெயர்க்க வைத்துக்கொண்டு, சம்பந்தியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

“உங்க ஏழு தகப்பன்மார் பேரைச் சொல்லுங்க.”

ஏழு தலைமுறை சொல்லத் தெரியாதவனை இங்கே யாரும் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. டாரிலுக்குத் தாத்தாவுக்கு மேலே ஒரே இருட்டு. அப்பா ரேமண்ட், தாத்தா எமில் என்றார். பெரியவர்கள் காத்திருந்தார்கள். பேட்ஜைக் குனிந்து பார்த்தவருக்குக் கனடா ஊர்ப் பெயர்கள்தான் நினைவுக்கு வந்தன.

“எமிலோட அப்பா ஆல்பர்ட்டா. அவரோட அப்பா வின்னிபெக். அவரோட அப்பா... ஒண்டாரியோ.”

மாக்சூத் மொழிபெயர்ப்பதை நிறுத்தினார். “அது உங்க ஊர்னு சொன்னீங்களே?”

“அவர் பேரைத்தான் ஊருக்கு வெச்சாங்க.”

மாக்சூத் அதையும் ஒரு சொல் விடாமல் சபையில் சொன்னார். பெரியவர்கள் தாடியைத் தடவியபடி தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஜோலோன்பெக்கின் முகம் மெல்ல மாறியது.

“அப்போ அந்தக் கம்பெனி ஆபீஸ் இருக்கிற மண்ணே உங்க குடும்பத்து மண்ணுதானா?”

திரைக்குப் பின்னால் இருமல் கேட்டது. மகள் அவமானத்தில் தவிக்கிறாள் என்று டாரில் நினைத்தார். தன் நாக்கால் அவள் கல்யாணம் கண்ணெதிரே கவிழ்கிறது. இனி மறைத்துப் பயனில்லை என்று எழுந்தார். சட்டையிலிருந்த பேட்ஜைப் பிய்த்து அடுப்புக்குள் எறிந்தார். பாஸ்போர்ட்டை எடுத்து, ரொட்டிக்கும் ஜாமுக்கும் நடுவே விரித்து வைத்தார்.

“நான் கனடாவே இல்ல. அமெரிக்கா. பயத்துல பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க. கனடான்னாலே எங்க பரம்பரைக்கு ஆகாது. அந்தக் கம்பெனி நாசமாப் போகட்டும்.”

இருமல் பலத்தது. யாரோ திரைக்கு அடியில் ஒரு கிண்ணம் தேநீரைத் தள்ளினார்கள். மகளுக்குச் சந்தோஷத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்த டாரில் உற்சாகமாகிவிட்டார். கனடாவின் குளிரைத் திட்டினார், காப்பியைத் திட்டினார், அங்கே பிறந்தவர்கள் எல்லாருமே சந்தேகத்துக்கு உரியவர்கள் என்றார். தன் தாத்தாவின் அப்பா பெயரே தனக்குத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொண்டார். மனப்பாரம் இறங்கிய நிம்மதியில் உட்கார்ந்து, ஒரு துண்டு ரொட்டியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

பாஸ்போர்ட் கைக்குக் கை மாறிச் சபையைச் சுற்றி வந்தது. ஒருவர் அதிலிருந்த கழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஜோலோன்பெக் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, இடிவிழுந்தவர் போல உட்கார்ந்துவிட்டார்.

“அமெரிக்கான்னா இவ்வளவு வெறுப்பா?” என்று டாரில் மாக்சூத்தின் காதில் கேட்டார்.

அதுவரை தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த குல்சாரா கெண்டியைக் கீழே வைத்துவிட்டு, டாரிலைப் பார்த்து ஏதோ கேட்டாள். மாக்சூத் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார், பிறகு மனைவி முறைத்ததால் அவள் சொன்னதை அப்படியே சொன்னார்.

“உங்க பொண்ணே தான் கனடான்னு சொன்னா. இருந்தாலும் பரவாயில்லைன்னு எங்க அண்ணன் ஊரையே பகைச்சுக்கிட்டு, ஆத்துப் போராட்டத் தலைவர் பதவியையும் விட்டுட்டு நிக்கிறார். நீங்க அமெரிக்கான்னா, திரைக்குப் பின்னால உட்கார்ந்திருக்கிறது யாரு?”