எந்த மாத்திரை என்று உங்கள் மகளிடம் கேட்டுச் சொல்லவும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தியம்மாளும் தேக சௌக்கியத்துடன் இருப்பதாக நம்பி இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். படித்து முடிக்கும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இங்கே என் மனைவி, என் மகன், என் மருமகளாகிய தங்கள் அருமை மகள் மூவரும் நலம். நான் நலமா என்பது உலகத்தில் ஒரே ஒரு கணினிக்குத்தான் தெரியும். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் தங்கள் மகளைப் பற்றி நான் ஒரு குறை சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கிறேன், ஆனால் தங்களுக்கு எழுதியதில்லை. இப்போது வேறு வழியில்லை. பெண் கொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு கடிதம் போடுவது அழகல்ல என்கிறாள் என் மனைவி. அவளுக்கென்ன, அவள் நுரையீரலிலா கட்டி இருக்கிறது?

கட்டி விஷயம் தாங்கள் அறிந்ததே. நான் ஆயுள் முழுக்க தேயிலைக் கம்பெனியில் ருசி பார்த்துப் பிழைத்தவன். நாக்கு கெட்டுவிடுமே என்று பீடி, சிகரெட், பொடி, பாக்கு ஒன்றையும் தொட்டதில்லை. பச்சை மிளகாயைக்கூடப் பார்த்ததோடு சரி. அப்பேர்ப்பட்ட எனக்கு நுரையீரல் புற்றுநோய் என்றதும் ஆஸ்பத்திரியில் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை எல்லோரும் ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை பிடிப்பீங்க?" தொட்டதே இல்லை என்றால், திருடனைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை. தொடாதவர்களுக்கும் வருமாம். இதைத் தெரிந்துகொள்ள இவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டாம்.

தங்கள் மகள் அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில்தானே வேலை பார்க்கிறாள்? அவள்தான் சொன்னாள், "மாமா, இந்த நோய்க்குப் புதுசா ஒரு மருந்து வந்திருக்கு. வழக்கமான ஊசியோட சேர்த்து இதையும் கொடுத்தா கட்டி வளராம நிக்குதான்னு பார்க்கிறாங்க. சேர்றீங்களா?" சரி, வீட்டுப் பெண் சொல்கிறாள், கெடுதலா சொல்வாள் என்று கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான் சங்கதி தெரிந்தது. சேருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ மருந்தாம். பாதிப் பேருக்கு அதே நிறம், அதே உறை, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மாத்திரையாம். யாருக்கு எது என்று கணினி சீட்டுக் குலுக்கிப் போடுமாம். எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். அதையும் அவள் முன்கூட்டியே விளக்கிச் சொன்னதாக என் மனைவி சாட்சி சொல்கிறாள். அப்போது நான் எங்கே கவனித்தேன், பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சம்பந்தி, தாங்களே சொல்லுங்கள். ஒரு வாய் உறிஞ்சினால் எந்தச் சரிவில் பறித்த இலை, மழைக்கு முன்னா பின்னா, பக்குவம் செய்தவன் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தானா என்றெல்லாம் சொல்லிவிடுகிறவன் நான். என்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டு "இது என்னவென்று உனக்குத் தெரிய முடியாது" என்றால் மனசு கேட்குமா? தொழில் தெரிந்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா? வீட்டுக்கு வந்ததும் வெள்ளைக் கிண்ணங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியை வெந்நீரில் கலக்கி, கரண்டியால் எடுத்து, எங்கள் முறைப்படி காற்றோடு சேர்த்துச் சத்தமாக உறிஞ்சி, நாக்கின் நான்கு பக்கமும் உருட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுநாளும் பார்த்தேன், ஒன்றுமில்லை. பல நாள் பார்த்தும் காரமில்லை, கசப்பில்லை, சாரமில்லை. சுண்ணாம்புச் சுவரை நக்கினால்கூட ஏதாவது தெரியும். எனக்கு வெறும் மாத்திரைதான் விழுந்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தேன்.

அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயந்துவிட்டேன், சம்பந்தி. மறைப்பானேன்? இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசையாக இருக்கிறது. அதற்கு ஒரு வழி இருக்கிறது என்று காட்டிவிட்டு, என் கையில் மட்டும் வெறும் கூட்டைக் கொடுத்தால் எப்படி?

ஆஸ்பத்திரி பெஞ்சில் என் பக்கத்தில் உட்காரும் பஸ் டிரைவர் ஒருவர் உண்டு. அவரும் இதே ஆராய்ச்சிதான். என் தொழிலைக் கேட்டதும் அவர் தன்னுடைய கேப்ஸ்யூலை எடுத்து நீட்டி, "ஐயா, நம்மளுதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். அடிநாக்கில் லேசாக ஒரு கசப்பு. "உங்களுக்கு நிஜம்" என்றேன். மனிதர் என்னைக் கட்டிக்கொண்டார். அங்கிருந்த எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த டீயும் தண்ணீர் மாதிரி இருந்தது. வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தங்கள் மகள் ஒருநாள் வேலையிலிருந்து சீக்கிரமே வந்து என்னைக் கையும் களவுமாகப் பிடித்தாள். நான் அப்போதுதான் ஒரு வாய் உறிஞ்சி, உருட்டி, தொட்டியில் துப்பிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, என்ன பண்றீங்க?"

"ருசி பார்க்கிறேன்மா."

"துப்பிட்டீங்களே!"

"ருசி பார்க்கிறவன் முழுங்கலாமா? முழுங்கினா அடுத்த கிண்ணம் எப்படிப் பார்க்கிறது?"

"தினமும் இப்படித்தானா? ஒருநாள்கூட முழுங்கலையா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. தொழில் பழக்கம், சம்பந்தி. வாய்க்குள் போனதை வெளியே அனுப்பித்தான் நாங்கள் சம்பளம் வாங்கினோம். நிஜ மருந்தோ வெறும் மாத்திரையோ, வந்ததையெல்லாம் சாக்கடைக்குத்தான் கொடுத்திருக்கிறேன். இந்த ஆராய்ச்சியால் பலன் அடைந்தது எங்கள் வீட்டுச் சாக்கடை ஒன்றுதான்.

சரி, நடந்தது நடந்துவிட்டது. குடும்பத்துக்குள் மூடி மறைக்க வேண்டிய விஷயமா இல்லையா? தங்கள் மகள் என்ன செய்தாள் தெரியுமா? அங்கேயே நின்றபடி ஆராய்ச்சி டாக்டருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்! மாமனாரைக் காட்டிக்கொடுத்த மருமகளை எங்காவது கேள்விப்பட்டதுண்டா? "சொல்லாம விட்டா உங்க உடம்புக்கு மருந்து வேலை செய்யலைன்னு தப்பா எழுதிடுவாங்க மாமா. நாளைக்கு வேற யாருக்கோ இந்த மருந்து கிடைக்காமப் போயிடும்" என்றாள். யாரோ ஒருவருக்காக இவ்வளவு கவலைப்படுகிறவள், என்னைப் பற்றி நினைத்தாளா?

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். திட்டவில்லை, அதுதான் பெரிய தண்டனை. இரண்டு தம்ளர்களில் தண்ணீரை வைத்து, "பெரியவரே, ருசி பார்த்துச் சொல்லுங்க" என்றார். பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றேன். ஒன்றில் உப்பு, ஒன்றில் சர்க்கரை. ஊசி போட ஆரம்பித்ததிலிருந்தே என் நாக்குக்கு ருசி போய்விட்டிருக்கிறதாம். பலருக்கும் போகுமாம், பிறகு மெல்லத் திரும்பினாலும் திரும்புமாம். எனக்கு அழுகை வந்துவிட்டது, சம்பந்தி. கட்டி என்று சொன்ன அன்றுகூட நான் அழவில்லை. அந்த நாக்குக்காகத்தானே ஆயுசு முழுக்க எல்லா ஆசையையும் அடக்கி வைத்திருந்தேன்.

டிரைவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அந்தக் கசப்பு என் கற்பனை, மன்னியுங்கள் என்றேன். அவர் சொன்னார், "விடுங்கய்யா. நீங்க சொன்னதிலேர்ந்து நல்லாச் சாப்பிடறேன், நல்லாத் தூங்கறேன். கொடுத்த கசப்பைத் திரும்பக் கேட்காதீங்க." நல்ல மனிதர்.

என்னை ஆராய்ச்சியிலிருந்து நீக்கவில்லை. நடந்ததை எழுதிக்கொண்டு, புது டப்பா கொடுத்து அனுப்பினார்கள். இப்போது என் மனைவி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருக்கிறாள்.

நாக்கு போனாலென்ன, கண் இருக்கிறதே என்று தங்கள் மகளின் முகத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். அந்தப் பிரிவிலேயே இருப்பவளுக்கு என் டப்பாவில் இருப்பது தெரியாமலா போகும்? அவள் சிரித்தால், நிஜ மருந்து, அதனால் சிரிக்கிறாள் என்று நினைப்பேன். உடனே, வெறும் மாத்திரைதான், பாவம் என்று சிரிக்கிறாளோ என்று தோன்றும். இன்னும் கொஞ்சம் சாதம் போட்டுக்குங்க மாமா என்றால் எனக்குப் பகீரென்கிறது. அதட்டினால்தான் நிம்மதியாக இருக்கிறது. அதட்ட வைப்பதற்காகவே அவள் போடும் டீயைத் தினமும் குறை சொல்கிறேன். அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டேன் என்கிறாள். நேரடியாகவே கேட்டேன். "எனக்குத் தெரியாது மாமா" என்கிறாள். என் மகனைக் கேட்டால் அவன் சுவரைப் பார்க்கிறான். நான் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் அவள் அந்தப் பக்கம் தலையைக்கூடக் காட்டுவதில்லை. மற்றவர்களுக்கெல்லாம் அங்கே இருக்கும் பெண்கள் கைபிடித்து அழைத்துப்போகிறார்கள். எனக்குச் சொந்த மருமகள் இருந்தும் நான் அநாதை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். கல்நெஞ்சம், சம்பந்தி! எங்கிருந்து வந்ததோ, தங்கள் பக்கம் அப்படி யாரும் இல்லையே.

ஆகவே தாங்கள் உடனே புறப்பட்டு வந்து, பெற்ற தகப்பன் என்ற முறையில் அவளைக் கேட்டு எனக்குச் சொல்ல வேண்டும். தங்களிடம் அவள் பொய் சொல்லமாட்டாள். முடியாது என்றால், நான் இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிடுவேன். நாளைக்கே போகப்போகிறேன். யார் தடுத்தாலும் நிற்கமாட்டேன்.

சம்பந்தியம்மாளின் முழங்கால் வலி குறைந்து, தாங்கள் இருவரும் நூறாண்டு நடமாட வேண்டும் என்று வாழ்த்துகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி.

இப்படிக்கு,
என்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்றே தெரியாத,
தங்கள் அன்புச் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். சொன்னபடி இன்று காலை எழுதிக்கொடுக்கத்தான் போனேன். அதற்கு முன்னால் உங்கள் மகளிடம் நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அவள் மேஜை எங்கே என்று விசாரித்தேன். அங்கிருந்த பெண் விழித்தாள். "அவங்க இங்க இல்லையே. நீங்க சேர்ந்த அன்னிக்கே விலகிட்டாங்க. ஆராய்ச்சியில வேலை பார்க்கறவங்க வீட்டு ஆளை அதுல சேர்க்க மாட்டாங்க. ஒண்ணு நீங்க வெளியில இருக்கணும், இல்லன்னா அவங்க வெளியில இருக்கணும். இதை ஆரம்பத்திலேர்ந்து உருவாக்கினதே அவங்கதான். ஆனா ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை."

வீட்டில் என் மகனுக்கு மட்டும் தெரியுமாம். தெரிந்தால் நான் சேரமாட்டேன் என்று மறைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண் காட்டிய வழியில் போனேன். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் உங்கள் மகள் இருந்தாள். புகைபிடிப்பவர்களைப் போனில் கூப்பிட்டு, நோய் முற்றுவதற்கு முன்னால் ஸ்கேன் எடுத்துக்கொள்ள வரச் சொல்வதுதான் இப்போது அவள் வேலை. யாரோ ஒருவர் அவளைத் திட்டுவது வாசல் வரை கேட்டது. இவள் பொறுமையாகச் சொல்கிறாள்: "ஐயா, வலிக்கவே வலிக்காது. எங்க மாமாவுக்கும் எடுத்தாங்க. சிகரெட்டே தொடாத மனுஷன், அவருக்கே இருந்துச்சு. இப்போ வைத்தியம் நடக்குது. தினமும் என் டீயைக் குறை சொல்ற அளவுக்கு நல்லாத்தான் இருக்கார். அவர் இன்னும் ரொம்ப நாள் குறை சொல்லணும். நீங்களும் ஒரு தடவை வந்துட்டுப் போங்கய்யா."

நான் உள்ளே போகவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து மாத்திரையை முழுங்கினேன், யாரும் எதிரே உட்காராமலே. எந்த மாத்திரை என்று நீங்கள் யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் அவசியம் வாருங்கள். உங்கள் மகள் கொஞ்சம் இளைத்திருக்கிறாள்.

இப்போதுதான் வேலையிலிருந்து வந்து டீ கொடுத்தாள். ருசி ஒன்றும் தெரியவில்லை. பிரமாதம் என்றேன். அவள் பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, புதுசாக ஏதோ பக்கவிளைவு வந்திருக்கிறது என்று டாக்டருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள்.