மோப்பமும் மதுபர்க்கமும்

கட்டின மனைவி கலந்து கொடுத்த காபியைக்கூட மூன்று தரம் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைக்கிற மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். இரண்டாவதாக ஒருவர் இருந்ததாக யாராவது சொன்னால் நான் நம்பத் தயாராயில்லை. அப்படிப்பட்ட மூக்கு ஒன்றுக்கு மேல் படைக்கிற தெம்பு பிரம்மாவுக்கே இருந்திருக்காது.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூர் வரை எல்லோருக்கும் அவர் ‘மோப்பம்’. நேரில் மட்டும் ‘கீப்பர் சார்’. ஊருக்குச் சொந்தமான ஒரு பொது ஹாலுக்கு அவர்தான் காவல், அவர்தான் சாவி, அவர்தான் சட்டம். கச்சேரி, கண்டனக் கூட்டம், பிரிவுபசாரம், வீட்டில் இடம் போதாதவர்களின் கல்யாணம் எல்லாம் அங்கேதான் நடக்கும்.

யுத்தம் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மதுவிலக்கு வரப் போகிறது, வரப் போகிறது என்று பேச்சே தவிர, பட்டணத்துக்கு அது இன்னும் வந்து சேரவில்லை. ஹாலுக்கு எதிரிலேயே ஒரு சாராயக் கடை சௌகரியமாக நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஹாலுக்குள் கால் வைத்தால் வேறு ராஜ்யம். வாசலில் ஒரு பலகை: ‘இம்மண்டபத்தில் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதியின்றி மது கொண்டு வரவோ, பரிமாறவோ, அருந்தவோ கூடாது. மீறினால் நிகழ்ச்சி அக்கணமே நிறுத்தப்படும்.’

இந்தப் பலகைக்கு ஒரு காரணம் உண்டு. முன்னொரு தடவை ஒரு பிரிவுபசார விழாவில், பிரிய வேண்டியவர் பிரியாமல் மேடையிலேயே படுத்துத் தூங்கிவிட்டாராம். அப்போதிருந்த கீப்பருக்கு மறுநாளே வேலை போயிற்று. அந்த இடத்துக்கு வந்தவர்தான் மோப்பம். ஆகவே ஹாலுக்குள் நுழைகிற ஒவ்வொரு ஜீவனையும் அவர் தம் சோற்றில் மண் போட வந்த எதிரியாகவே பார்த்தார்.

நான் பக்கத்துத் தெரு ஆபீசில் குமாஸ்தா. மத்தியானம் ஹால் வாசல் வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறப்பேன். முதல் மூக்கு அவருடையதாக இருக்கும்.

“தயிர் சோறு. ரெண்டு நாள் தயிர். ஜாக்கிரதியா இரு நைனா, புளிச்சதெல்லாம் ஒரே சாதி” என்பார்.

ஒரு கச்சேரிக்கு வந்த கடம் வித்வானை வாசலில் நிறுத்திக் கடத்தின் வாயில் முகத்தைப் புதைத்தார். முகம் உள்ளே போன வேகத்தில் வெளியே வரவில்லை. வித்வான் பதறிப்போய், “ஐயா, மெதுவா, அது மானாமதுரைக் கடம்” என்றார். கடத்துக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது: “மதுரைன்னா இன்னா, மது கீதா இல்லியான்றதுதான் எனுக்கு கணக்கு.”

இன்னொரு தடவை, செத்தவர்களோடு பேசுகிற சங்கம் ஒன்று ஹாலைக் கேட்டு வந்தது. செக்ரட்டரி ரிடையர்டு வாத்தியார். என்ன நிகழ்ச்சி என்று மோப்பம் கேட்டதற்கு, கொஞ்சம் மிடுக்காக, “ஸ்பிரிட் வரவழைக்கப் போறோம்” என்று சொல்லித் தொலைத்தார்.

“எத்தினி புட்டி?”

“புட்டியா? ஐயா, இது வேற ஸ்பிரிட். செத்துப் போனவங்களோட ஆவி.”

மோப்பம் அவரை மேலும் கீழும் பார்த்தார். “குட்சிட்டு செத்தவங்களா, குடிக்காம செத்தவங்களா?”

“அதெப்படி ஐயா எங்களுக்குத் தெரியும்?”

“தெரியாம எப்டி உள்ள வுட்றது?”

சங்கம் கடைசியில் அடையாற்றுப் பக்கம் ஒரு தோட்டத்தில் கூடியதாகக் கேள்வி.

பெரிய மனிதர்களிடமும் இதே சட்டம்தான். ஒரு விருந்துக்கு மேலதிகாரி கையெழுத்துப் போட்ட அனுமதிக் கடிதமே வந்தது. மோப்பம் அதைப் படிக்கவில்லை, மோந்து பார்த்தார். “கடுதாசியே வாடை அடிக்குது சார். கையெழுத்து போட்டவரு நெதானத்துலதான் இருந்தாரான்னு கேட்டுக்கினு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்கு வேலை போகாததற்கு ஒரே காரணம், அந்தக் கேள்வியை மேலதிகாரியிடம் போய்க் கேட்கிற துணிச்சல் யாருக்கும் இல்லாததுதான்.

இப்படிப்பட்டவருடைய ஹாலில் என் அக்கா கல்யாணத்தை வைத்துக்கொண்டேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். எங்கள் வீடு மயிலாப்பூரில் ஒண்டுக் குடித்தனம். பத்துப் பேர் உட்கார்ந்தால் பதினோராவது ஆள் கிணற்றில்தான் நிற்க வேண்டும். அக்காவுக்கு அப்போது வயது இருபத்தாறு. அந்தக் காலத்தில் அது கல்யாண வயதல்ல, ஊர் வாய்க்கு அவல். அதற்கு முன் நிச்சயமான ஒரு சம்பந்தம், தாம்பாளத்தில் வைத்த தேங்காய் அழுகியிருந்தது என்ற குற்றத்துக்காக முறிந்து போனது. அன்று முதல் அக்கா எங்கேயும் வாசல் பக்கம் வருவதில்லை. இதுவும் முறிந்தால் அவ்வளவுதான் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

முகூர்த்தத்தன்று காலை மோப்பம் கடமையைத் தொடங்கினார். பன்னீர்ச் செம்பை மோந்தார். சந்தனப் பேலாவை மோந்தார். நாயனக்காரரை வாயை ஊதச் சொன்னார். அவர் நாயனம் ஊதுகிறவர், கோபித்துக்கொண்டார். மாப்பிள்ளை வந்து மணையில் உட்கார்ந்தார். பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளைக்குக் கால் அலம்பி, தேனும் தயிரும் கலந்து கொடுத்து உபசரிக்கிற கட்டம். அந்தத் தேனுக்கு சாஸ்திரம் வைத்திருக்கிற பெயர்தான் வினை. சாஸ்திரிகள் கணீரென்று குரல் கொடுத்தார்:

“மாப்பிள்ளைக்கு மதுபர்க்கம் குடுக்கணும். மது எங்கே? மது எடுத்துண்டு வாங்கோ.”

“நிறுத்து” என்றார் மோப்பம், வாசலிலிருந்தே.

மேளம் நின்றது. அப்பா கையில் கிண்ணியோடு உறைந்து போனார். மோப்பம் நேரே மணவறைக்கு வந்து, “மாப்ளைக்கே மதுவா? அதுவும் காலங்காத்தாலயா? இன்னா சாமி இது, பூணூல் போட்டுக்கினு” என்றார்.

“ஓய், இது தேன்யா. வேதத்துல தேனுக்கு மதுன்னு பேரு.”

“பலகைல மதுன்னுதான் போட்டு கீது. வேதத்துல இன்னா போட்டு கீதுன்னு எனுக்கு யாரும் சொல்லல.”

கிண்ணியை வாங்கி மோந்தார். “தேனுதான். பேரை மாத்தி வெச்சிருக்கலாம்” என்று திருப்பிக் கொடுத்தார். அத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம்.

மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்தார். அடையாற்றில் பங்களா, ரிடையர்டு உத்தியோகஸ்தர், சம்பந்தி வீட்டில் அவர் வைத்ததே சட்டம். காலையிலிருந்து கக்கத்தில் ஒரு பிளாஸ்க், மூடி மோப்பத்தின் மூக்குக்கே எட்டாத இறுக்கம். சுக்குக் கஷாயம், வைத்தியர் உத்தரவு, மணிக்கு ஒரு மிடறு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க வம்சத்தைக் குடிகார வம்சம்ங்கறானா இவன்? இந்த அவமானத்துக்கப்புறம் இங்கே என்ன கல்யாணம்? எழுந்திருடா அம்பி” என்றார்.

மாப்பிள்ளை பாதி எழுந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் அழவில்லை. அழுகிய தேங்காய்க்கு அழுது தீர்த்துவிட்டாள் போலிருக்கிறது. மடியிலிருந்த மாலையை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் பிடியில் பூ உதிர்ந்தது.

பெரியப்பா கோபத்தில் மோப்பத்தின் முகத்துக்கு நேராகப் போய் நின்று கத்தினார். அதுதான் அவர் செய்த தப்பு. மோப்பத்தின் மூக்கு விடைத்தது.

“கையில இன்னா சார்?”

“கஷாயம்.”

“தொறங்க.”

“முடியாது” என்று சொல்வதற்குள் பிளாஸ்க் மோப்பத்தின் கையிலிருந்தது. மூடியைத் திருகித் திறந்தார். பக்கத்தில் நின்ற எனக்கே குப்பென்று அடித்தது. அந்த வாசனைக்கு மூக்கே வேண்டாம், ஜலதோஷம் பிடித்தவனுக்கும் தெரியும். சுக்கும் இல்லை, மிளகும் இல்லை. சீமைச் சரக்கு.

பலகை எனக்கு மனப்பாடம். நிகழ்ச்சி அக்கணமே நிறுத்தப்படும். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் யாருக்காவது ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை. விட்டுவிட்டால், விஷயம் வெளியே தெரிந்தால், முந்தின கீப்பர் போன வழிதான் அவருக்கும்.

மோப்பம் ஒரு தரம் மோந்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார், அவள் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து இரண்டாம் தரம் மோந்தார். சரக்கு என்றால் இரண்டாம் தரம் அவருக்குத் தேவைப்பட்டதே கிடையாது.

“கஷாயந்தான்” என்றார், சபை முழுதும் கேட்கும்படி. “ஆனா கெட்டுப் பூட்ச்சு. இத்த இன்னொரு வாய் குட்சா பெரியவரு ஒடம்புக்கு ஆவாது. இல்ல சார்?”

பெரியப்பா மோப்பத்தைப் பார்த்தார். மோப்பம் பெரியப்பாவைப் பார்த்தார்.

“ஆமா, காலைலேர்ந்து எனக்கே ஒரு சந்தேகமாத்தான் இருந்தது” என்றார் பெரியப்பா.

“அப்ப உக்காருங்க. முகூர்த்தம் போய்க்கினு கீதுல்ல.”

பெரியப்பா உட்கார்ந்தார். மாப்பிள்ளையும் உட்கார்ந்தார். மோப்பம் கொல்லைப் பக்கம் போய்ச் சாக்கடையில் பிளாஸ்க்கைக் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிட்டு, மூன்று தரம் கழுவி, மோந்து பார்த்து, திருப்பிக் கொண்டு வந்து வைத்தார். கெட்டிமேளம் கொட்டியது. அதற்கப்புறம் பெரியப்பா வாயே திறக்கவில்லை. சாப்பாட்டில் ரசம் நீர்த்திருந்ததற்குக்கூட ஒரு வார்த்தை இல்லை. சம்பந்தி வீட்டுப் பெண்டுகள், “பெரியப்பாவுக்கு வயசாயிடுத்து, சாதுவாயிட்டார்” என்று பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பின பிறகு மோப்பத்திடம் போனேன். ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் மது விவகாரம் உண்டா இல்லையா என்று அவர் ஒரு புஸ்தகத்தில் எழுதி வைப்பது வழக்கம். அன்றையப் பக்கத்தில் கோணல் எழுத்தில் இருந்தது: ‘மது என்று சொல்லியது தேன். கெட்ட கஷாயம் ஒரு பிளாஸ்க், கொட்டியாச்சு.’ அதில் எங்கே பொய் இருக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது.

“கீப்பர் சார், அது கஷாயம் இல்லேன்னு எனக்குத் தெரியும்” என்று ஆரம்பித்தேன்.

நன்றி சொல்லத்தான் வந்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

“ஒனுக்கு எப்டி தெரியும்?”

“வாசனை...”

“அந்த வாசனை ஒனுக்கு எங்க பழக்கம்?”

அதற்குப் பிறகு ஒரு மாதம் வேப்பமரத்தடியில் டிபன் டப்பாவைத் திறக்கும் முன் என்னை வாயை ஊதச் சொன்னார்.

அக்கா தியாகராய நகரில் மாமியாரோடு குடித்தனம் வைத்தாள். அடுத்த ஆடி மாசம் நான் அங்கே போயிருந்தபோது, ஏதோ காரியமாக அந்தத் தெருவோடு போய்க்கொண்டிருந்த மோப்பத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். வாசலுக்கே வராத என் அக்கா, தெருவுக்கு ஓடிப் போய், “உள்ளே வாங்கோ” என்று கூப்பிட்டாள். அடையாற்றிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா வந்தவரைப் பார்த்ததும், பூஜைக்கு நேரமாயிற்று என்று எழுந்து போனார். மணி நாலு, எந்தப் பூஜை என்று யாரும் கேட்கவில்லை. காபி கொடுக்க அக்கா வெள்ளி டம்ளரை எடுத்தாள். மாமியார் ஒரு பார்வை பார்த்தாள். அக்கா அதைக் கவனிக்காதவள் மாதிரி நுரை பொங்க ஆற்றி, அவர் கையில் கொடுத்தாள்.

டம்ளர் வழக்கம்போல மூக்கு வரைக்கும் போயிற்று. நான் மூன்று எண்ணத் தயாரானேன். எதிரில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். மோப்பம் அவளை ஒரு தரம் பார்த்தார். டம்ளரைக் கீழே இறக்கி, மோந்து பார்க்காமல், நேரே வாயில் ஊற்றிக்கொண்டார்.

மூன்று தரம் மோந்து, அதற்குள் காபி ஆறிவிடுகிற பழக்கம் அவருக்கு. அன்று கொதிக்கக் கொதிக்க உள்ளே போயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“காபி ஜோரா கீதும்மா” என்றார். நாக்கு வெந்து போயிருந்தது எனக்குத் தெரியும். கடைசி வரை அவர் அதை அக்காவிடம் சொல்லவில்லை.