ஒரு குழி, இரண்டு கன்று

பைன் கன்றை லேசாகத் தொட்டதுமே ஊசி இலைகள் கொத்தாகக் கையோடு வந்துவிட்டன.

"என்னங்க, டீ ஆறுது!"

"இதோ வந்துட்டேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, உதிர்ந்ததையெல்லாம் அவசரமாகச் சட்டைப் பைக்குள் திணித்தார். நெஞ்சில் குத்தியது. இரண்டு விதமாகவும்.

நில அளவை அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர் அவர். போடுகிற கோடு ஒரு மயிரிழை கோணாது என்பதால் அங்கே அவருக்கு 'ஸ்கேல்' என்று பெயர். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வாடகை வீடுகளில் காலம் தள்ளிவிட்டு, ஒருவழியாகச் சொந்த வீடு கட்டி முடித்தபோது வாசலுக்கும் மதிலுக்கும் நடுவே மிஞ்சியது ஒரே ஒரு மரத்துக்கான இடம். குழியும் வெட்டியாயிற்று. அதில் மாமரம் என்றார் அவர். பைன் என்றாள் அவள்.

இரண்டு பேருக்கும் காரணம் இருந்தது. அவர் பிறந்த வீட்டின் பின்பக்கம் ஒரு மாமரம். அதன் தாழ்ந்த கிளையில் படுத்துக்கொண்டுதான் பரீட்சைக்கெல்லாம் படித்தார். காம்பைக் கிள்ளும்போது பால் தெறித்து வெந்த தழும்பு இன்றும் உதட்டோரம் இருக்கிறது. வேலையில் சேர்ந்த முதல் வருடம், சாலையை அகலப்படுத்த வரைபடம் வரையச் சொன்னார்கள். வரைந்தார். கோடு அந்த மரத்தின் நடுவே போயிற்று. "அருமையான கோடு" என்று அதிகாரி தோளில் தட்டினார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அவள் வளர்ந்தது குளிர் மலையில், தபால்காரரான அப்பாவின் குடியிருப்பில். ஜன்னலுக்கு வெளியே பைன் மரங்கள். காற்றடித்தால் யாரோ தூரத்தில் பேசிக்கொண்டே போவது போலிருக்குமாம். கல்யாணமான புதிதில் அவள் பெட்டியைத் திறந்தாலே அந்த வாசனை வரும். பிறகு இடம் மாறி மாறி, வாசனை போய்விட்டது. "நமக்குன்னு ஒரு வீடு வரட்டும், வாசல்லயே ஒரு பைன் வச்சுடலாம்" என்று அந்த நாளில் சொன்னவரும் இவர்தான். அவள் அதை ஒரு தடவைகூட ஞாபகப்படுத்தியதில்லை. அதுதான் அவருக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் பழக்கம் விடுமா? பட்டியல் போட்டார். உயரம், படர்வு, வேர், நிழல், உதிரும் குப்பை என்று வரிசையாகக் கட்டம். 'பயன்' என்ற கட்டத்தில் மாமரத்துக்குக் காய், பழம், ஊஞ்சல் என்று இடம் போதாமல் எழுதினார். பைனுக்கு ஒன்றும் தோன்றாமல் காலியாக விட்டார். மறுநாள் பார்த்தால் அந்தக் கட்டத்தில் பென்சிலால், 'சத்தம் கேட்கலாம்' என்று எழுதியிருந்தது.

கடைசியில் போட்டி என்று முடிவாயிற்று. இரண்டு கன்றும் தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பன்னிரண்டு வாரம். ஞாயிறுதோறும் அளவு. எது அதிகம் வளர்கிறதோ அதற்குக் குழி.

"தோத்தவங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்கக் கூடாது" என்றாள் அவள்.

"அதைக் கண்ணாடியப் பார்த்துச் சொல்லு."

நாலாவது வாரம் பைன் பழுப்படித்தது. தன் கட்சி ஜெயிக்கிறது என்று அவர் குதித்திருக்க வேண்டும். ஆனால் அன்று காலையில்தான், அவள் தொட்டி முன்னால் குனிந்து, கண்ணை மூடி, மூச்சை இழுத்து வாசனை பிடித்ததைப் பார்த்துத் தொலைத்திருந்தார்.

யாருக்கும் தெரியாமல் ஒரு செம்பு தண்ணீர் அதிகம் ஊற்றினார். பழுப்பு கூடியது. வெயில்தான் காரணம் என்று, "மதிலுக்கு வெள்ளையடிக்கணும்" எனப் பொய் சொல்லி மாடிப்படிக்கு அடியில் நகர்த்தினார். ஊசிகள் உதிரத் தொடங்கின. ஆறாவது வாரம் கன்று குச்சியாக நின்றது.

அவள் கடைக்குப் போன நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்தார். நர்சரியில் அதே போல ஒரு பைன் வாங்கி வந்து, தொட்டியில் மாற்றி, மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினார்.

அவசரத்தில் உயரத்தைப் பார்க்கவில்லை.

"என்னங்க இது, ஒரே வாரத்துல நாலு விரற்கடையா!" அவள் வாயைப் பிளந்தாள்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுத் தையல்காரர் எட்டிப் பார்த்தார். "அண்ணே, இந்த வேகத்துல போனா அடுத்த மாசம் மேகத்தைத் தொட்டுடும் போலிருக்கே?"

"குளிர்ந்த வாரம்" என்று குறிப்புக் கட்டத்தில் எழுதினார் ஸ்கேல். முப்பத்தோரு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய்க் கணக்கு.

அடுத்த ஞாயிறு அதைவிடப் பெரிய அதிர்ச்சி. மாங்கன்று மூன்று விரற்கடை குட்டையாகியிருந்தது.

மூன்று தடவை அளந்தார். மதிலைத் தட்டித் தையல்காரரின் டேப்பை வாங்கி அளந்தார். அதே மூன்று.

"உங்க டேப்பு சரிதானா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! டேப்பு தப்புன்னா தெருவுல பாதிப் பேரு சட்டை இல்லாமத் திரிவாங்க."

"வயசானா மனுஷங்க குறுகறதில்ல? அதுபோல ஏதாவது இருக்கும். விடுங்க" என்று அவள் பேச்சை மாற்றினாள்.

"ரெண்டு மாசக் கன்னுக்கு என்னடி வயசு?"

"எல்லாத்தையும் அளந்துக்கிட்டே இருந்தா அதுக்கும் கூச்சம் வராதா?"

'அளவுப் பிழை' என்று எழுதினார். தன் திருட்டுத்தனம்தான் கண்ணையும் கையையும் கெடுத்துவிட்டது என்று நினைத்தார். இவ்வளவு நாள் நேராக ஓடிய கோடு இந்த வயதில் கோணிவிட்டது.

ஒன்பதாவது வாரம் இரண்டாவது பைனும் போயிற்று. மூன்றாவதை வாங்கும்போது உயரத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டு போனார். உயரம் பொருந்தியது. ஆனால் பழையதற்கு இடப்பக்கம் கிளை, புதியதற்கு வலப்பக்கம். தொட்டியைத் திருப்பி வைத்தார். அவள் கவனிக்கவில்லை. அல்லது, ஏனோ, கவனிக்காத மாதிரி இருந்தாள். அந்த வாரம் மாங்கன்றில் திடீரென்று ஆறு புது இலை. தன் மரம் தழைத்தும் அவருக்குச் சந்தோஷமே வரவில்லை.

பன்னிரண்டாவது ஞாயிறு. பத்து மணிக்குத் தையல்காரர் நடுவராக வருவதாக ஏற்பாடு. விடிந்ததும் போய்ப் பார்த்தால், மூன்றாவது பைன் தலை தொங்கிச் செத்துக் கிடந்தது.

அவள் நடக்கப் போயிருந்தாள். நல்லவேளை.

வண்டியை விரட்டினார். வழியெல்லாம் ஒரே யோசனை. அவள் ஜெயித்தே ஆக வேண்டும். குழியில் பைன்தான். மாமரம் போனால் போகட்டும். அதை ஒரு தடவை தன் கையாலேயே கோடு போட்டு வெட்டினவர்தானே? இன்னொரு தடவை தாங்கமாட்டாரா?

நர்சரிக்காரர் பூவாளியைக் கீழே வைத்தார்.

"பைனா? மறுபடியுமா?"

"மெதுவாப் பேசுங்க. இதே உயரம், கிளை இடப்பக்கம். வீட்டம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. மரம் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா."

நர்சரிக்காரர் அவர் கையைப் பிடித்து ஒரு செடி வரிசைக்குப் பின்னால் இழுத்து நிறுத்தினார். பிறகு பின்பக்க கேட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார்:

"ஒரு நிமிஷம் இருங்க ஐயா, அம்மா ஆட்டோவுல ஏறிடட்டும். மாங்கன்னு செத்தது தெரிஞ்சா நீங்க தாங்கமாட்டீங்கன்னு, இதோட நாலாவது கன்னு வாங்கிட்டுப் போறாங்க."